நாற்காலி தேடிய போராளி: மொசாம்பிக் சமாதானத்தில் நடுவர்கள் செய்ததும் விட்டதும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம்)



லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒரு நாற்காலி இருக்கிறது. மரமோ பிரம்போ அதில் கிடையாது. முழுக்கத் துப்பாக்கிகளை வெட்டி, ஒட்டிச் செய்தது. முதுகு சாயும் இடத்தில் இரண்டு பழைய ஜி3 துப்பாக்கிகளின் பின்கட்டைகள் நிற்கின்றன. அவை போர்த்துகீசியர் ஆண்ட காலத்தில் வந்தவை. கட்டைகளில் உள்ள திருகாணித் துளைகள் இரண்டு கண்கள் போலவும், வார் மாட்டும் துளை வாய் போலவும் தெரியும். உற்றுப் பார்த்தால் ஒரு முகம் சிரிப்பது போல இருக்கும். மற்றவை ஏகே-47 ரகங்கள். கிழக்கு ஐரோப்பாவிலும் வட கொரியாவிலும் செய்யப்பட்டவை. அந்தத் துப்பாக்கிகளில் ஒன்றுகூட மொசாம்பிக்கில் செய்ததில்லை. அவற்றால் செத்தவர்கள் மொசாம்பிக் மக்கள்.

2001-இல் இதைச் செய்தவர் கெஸ்டர் என்று அழைக்கப்படும் மொசாம்பிக் கலைஞர். துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு மண்வெட்டி, தையல் இயந்திரம், மிதிவண்டி வாங்கிக்கொள்ளலாம் என்று அந்நாட்டுக் கிறிஸ்தவ சபைகள் மன்றம் 1995-இல் ஒரு திட்டம் தொடங்கியது. ஆங்கிலிகன் ஆயர் தினிஸ் செங்குலானே அதற்கு முன்னின்றார். அப்படிச் சேர்ந்த ஆயுதங்களிலிருந்து பிறந்ததுதான் இந்த நாற்காலி.

இன்றைய பேச்சு முழுவதற்கும் இந்த நாற்காலியையே துணைக்கு வைத்துக்கொள்கிறேன். உள்நாட்டுப் போரில் மத்தியஸ்தம் செய்ய வருபவரின் தலையாய வேலை ஒப்பந்த வாசகங்களை எழுதித் தருவது என்று பாடநூல்கள் சொல்கின்றன. மொசாம்பிக்கைப் படிக்கப் படிக்க நான் வேறொரு முடிவுக்கு வந்தேன். துப்பாக்கி ஏந்தியவன் அதைக் கீழே வைத்துவிட்டு உட்கார ஓர் இடம் செய்து தருவதே மத்தியஸ்தரின் வேலை. அந்த இடம் உறுதியாக இருக்கும்வரை சமாதானம் நிற்கும். இதுதான் என் கருத்து. ஆறு குறிப்புகளாக விரித்துச் சொல்கிறேன்.

முதலில் போரைப் பற்றிச் சுருக்கமாக. மொசாம்பிக் 1975 ஜூன் 25 அன்று போர்த்துகலிடமிருந்து விடுதலை பெற்றது. சமோரா மஷேல் தலைமையில் ஃப்ரெலிமோ இயக்கம் ஆட்சிக்கு வந்தது. பக்கத்து ரொடீசியாவின் வெள்ளையர் அரசை எதிர்த்தவர்களுக்கு அது இடம் கொடுத்தது. பதிலுக்கு ரொடீசிய உளவுத்துறை வளர்த்துவிட்ட படைதான் ரெனாமோ. 1980-இல் ரொடீசியா ஜிம்பாப்வே ஆனதும் தென்னாப்பிரிக்க இனவெறி அரசு அதைத் தத்தெடுத்துக்கொண்டது. போர் 1992 வரை ஓடியது. பஞ்சத்திலும் நோயிலும் மாண்டவர்களைச் சேர்த்துப் பத்து லட்சம் பேர் இறந்தார்கள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. ஏறத்தாழ 17 லட்சம் பேர் அண்டை நாடுகளில் அகதிகள் ஆனார்கள். 1987 ஜூலையில் ஹொமொயின் என்ற சிற்றூரில் ஒரே நாளில் 400-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். பழி ரெனாமோ மீது விழுந்தது. சிறுவர்களைக் கடத்திப் போய்க் கையில் துப்பாக்கி கொடுத்த படை அது. இதை எந்த நிலையிலும் மறந்துவிட்டுப் பேச முடியாது.

1. இரண்டு வீட்டுக்கும் வேண்டியவர்

நம் ஊரில் சண்டை தீர்க்க இரண்டு வகையானவர்களை அழைப்பது வழக்கம். ஒருவர் அதிகாரம் உள்ள நாட்டாமை. இன்னொருவர் இரண்டு வீட்டுக்கும் வேண்டியவர். மொசாம்பிக்கில் நாட்டாமைகள் முதலில் வந்தார்கள், தோற்றார்கள்.

1984 மார்ச் 16 அன்று மஷேலும் தென்னாப்பிரிக்காவின் பி.டபிள்யூ. போத்தாவும் இன்கோமாட்டி ஒப்பந்தம் செய்தார்கள். ஒருவர் மற்றவரின் எதிரிக்கு உதவுவதில்லை என்பது பேச்சு. அடுத்த ஆண்டு கொரொங்கோசா மலைப்பகுதியில் ரெனாமோவின் தலைமை முகாம் பிடிபட்டபோது கிடைத்த நாட்குறிப்புகளில், தென்னாப்பிரிக்க ராணுவம் தொடர்ந்து உதவி வந்தது பச்சையாக எழுதப்பட்டிருந்தது. 1989-இல் கென்யாவின் மோயும் ஜிம்பாப்வேயின் முகாபேயும் நடுவர்களாக முன்வந்தார்கள். ரெனாமோவுக்குக் கென்யா மீது நம்பிக்கை, அரசுக்கு ஜிம்பாப்வே மீது நம்பிக்கை. முகாபேயின் வீரர்கள் அப்போது பெய்ரா துறைமுகத்துக்குப் போகும் ரயில்பாதையையும் எண்ணெய்க் குழாயையும் காத்துக்கொண்டு ரெனாமோவுடன் சண்டையிட்டார்கள். அவரை ரெனாமோ எப்படி நடுவராக ஏற்கும்?

கடைசியில் இரு தரப்பும் சந்தித்தது ரோமில். 1990 ஜூலை 8 அன்று, ட்ராஸ்டெவெரே பகுதியில், முன்பு கன்னிமடமாக இருந்த ஒரு கட்டடத்தில். அது சாந்த் எஜீதியோ சமூகத்தின் இல்லம். 1968-இல் பள்ளி மாணவர்கள் சிலர் சேர்ந்து, ஏழைகளுக்குத் தொண்டு செய்வதற்காகத் தொடங்கிய கத்தோலிக்கக் குழு அது. அவர்களிடம் படை கிடையாது, தடை விதிக்கும் அதிகாரம் கிடையாது, வாக்குறுதி கொடுக்கப் பெரிய கருவூலமும் கிடையாது.

என்ன இருந்தது? பத்தாண்டுப் பழக்கம் இருந்தது. பெய்ராவின் கத்தோலிக்கப் பேராயர் ஜெய்மே கொன்சால்வ்ஸ் இவர்களின் பழைய நண்பர். விடுதலைக்குப் பின் ஃப்ரெலிமோ அரசு திருச்சபைமீது கடுமை காட்டியபோது அவர் ரோமில் இவர்களிடம் முறையிட்டார். இவர்கள் அவரை அழைத்துப் போனது இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் என்ரிகோ பெர்லிங்குவேரிடம். மார்க்சிய அரசிடம் பேச மார்க்சியர்தான் சரியான ஆள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பிறகு பஞ்ச காலத்தில் உணவும் மருந்தும் அனுப்பினார்கள். அரசுக்கு அவர்கள் நல்லவர்கள் ஆனார்கள்.

மறுபக்கம், 1988-இல் பேராயர் கொன்சால்வ்ஸ் ரகசியமாகக் காட்டுக்குள் போய் ரெனாமோ தலைவர் அஃபோன்சோ த்லாகாமாவைச் சந்தித்தார். இருவருக்கும் தாய்மொழி ந்தாவ். காட்டில் கொலைகாரன் என்று உலகம் சொன்ன ஒருவனிடம் ஓர் ஆயர் அவன் தாய்மொழியில் பேசிய அந்தச் சில மணி நேரத்தை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. பேச்சுவார்த்தை உண்மையில் அங்கேதான் தொடங்கியது.

ஆக, நால்வர் மேசையில் அமர்ந்தார்கள்: சாந்த் எஜீதியோவின் நிறுவனர் அந்திரேயா ரிக்கார்டி, இளம் பாதிரியார் மத்தேயோ சுப்பி, பேராயர் கொன்சால்வ்ஸ், இத்தாலிய அரசின் சார்பில் சோஷலிஸ்ட் கட்சிக்காரர் மரியோ ரஃபாயெல்லி. முதல் சுற்றில் இவர்களுக்குப் பார்வையாளர் என்றுதான் பெயர். வெளியே யாரை நடுவராக வைப்பது என்று இரு தரப்புக்கும் ஒத்துப்போகாததால், 'நீங்களே இருந்துவிடுங்கள்' என்று இவர்களிடமே வந்து சேர்ந்தது அந்தப் பொறுப்பு.

2. கொள்ளைக்காரனும் சகோதரனும்

அரசு ரெனாமோவை 'ஆயுதம் தாங்கிய கொள்ளையர்' என்றே அழைத்து வந்தது. வானொலியில் அதுதான் பெயர், செய்தித்தாளில் அதுதான் பெயர். கொள்ளைக்காரனோடு யாரும் பேச்சுவார்த்தை நடத்துவதில்லை. சரணடையச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

ரோமில் முதல் மூன்று நாட்களின் முடிவில் ஒரு பக்கத்துக்கும் குறைவான கூட்டறிக்கை வெளியானது. அதில் போர்நிறுத்தம் இல்லை, தேர்தல் இல்லை. இரு தரப்பும் ஒரே மொசாம்பிக் குடும்பத்தைச் சேர்ந்த நாட்டு மக்கள் என்ற ஒப்புதல் இருந்தது. பிரிப்பதை ஒதுக்கி வைத்துவிட்டு இணைப்பதைத் தேடுவோம் என்றும் இருந்தது. வெறும் வார்த்தைகள் என்று அன்று பலர் எண்ணினார்கள். என் பார்வையில் பதினைந்து ஆண்டுப் போரில் அதுவரை நிகழ்ந்த ஆகப்பெரிய மாற்றம் அதுதான். கொள்ளைக்காரன் குடும்பத்தில் ஒருவன் ஆகிவிட்டான். குடும்பத்தில் ஒருவனுக்கு வீட்டில் இடம் ஒதுக்கியாக வேண்டும்.

இங்கே ஓர் ஆய்வாளரைக் குறிப்பிட வேண்டும். பிரெஞ்சு மானுடவியலாளர் கிறிஸ்டியன் ஜெஃப்ரே, நம்புலா மாகாணக் கிராமங்களில் தங்கி ஆய்வு செய்து 1990-இல் ஒரு நூல் வெளியிட்டார். ரெனாமோ வெளிநாட்டுக் கைப்பாவை மட்டும்தானா என்று அதில் கேட்டார். ஃப்ரெலிமோ அரசு, சிதறிக் கிடந்த குடிகளை வலிந்து கூட்டுக் கிராமங்களில் குடியேற்றியது. பரம்பரைத் தலைவர்களைப் பதவி நீக்கியது. அந்தக் கசப்பில் சில பகுதி மக்கள் ரெனாமோவின் பக்கம் சாய்ந்தார்கள் என்று காட்டினார். ரெனாமோவின் பிறப்புச் சான்றிதழ் ரொடீசியாவில் எழுதப்பட்டது உண்மை. ஆனால் அது பால் குடித்து வளர்ந்தது மொசாம்பிக் மண்ணிலும்தான். இதை ஒப்புக்கொள்ளாத வரை பேச்சுவார்த்தை பிரிட்டோரியாவில் இருந்த தென்னாப்பிரிக்க அரசோடுதான் நடக்கும். ஒப்புக்கொண்டால்தான் த்லாகாமாவோடு நடக்கும்.

3. இருபத்தேழு மாதங்கள்

முதல் சந்திப்புக்கும் கையெழுத்துக்கும் நடுவே 27 மாதங்கள், பதினொரு சுற்றுகள். அரசுத் தரப்புக்கு அமைச்சர் அர்மாண்டோ கெபுசா, ரெனாமோ தரப்புக்கு ரவுல் தொமிங்கோஸ் தலைமை. ஜிம்பாப்வே வீரர்களை பெய்ரா, லிம்போபோ ரயில்பாதைகளுக்குள் நிறுத்தும் பகுதிப் போர்நிறுத்தம் 1990 டிசம்பரிலேயே வந்தது. அதன்பின் ஏறத்தாழ ஓராண்டு எதுவும் நகரவில்லை. 1991 அக்டோபரில்தான் அடிப்படைக் கொள்கைகள் பற்றிய முதல் நெறிமுறை கையெழுத்தானது.

தாமதத்துக்குக் காரணம் என்ன? ரெனாமோவினர் காட்டில் படை நடத்தத் தெரிந்தவர்கள். அரசமைப்புச் சட்டம், தேர்தல் விதி, கட்சிப் பதிவு என்று பேசத் தெரியாதவர்கள். ஒவ்வொரு முறையும் காலம் கேட்டார்கள். நடுவர்கள் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில்தான் ஒரு படை, கட்சியாவது எப்படி என்று கற்றுக்கொண்டது. அரசும் அந்தக் காலத்தில் மாறியது. 1989-இல் மார்க்சிய லெனினியத்தைக் கைவிட்டிருந்த ஃப்ரெலிமோ, 1990 நவம்பரில் பல கட்சி முறையை அனுமதிக்கும் அரசமைப்பைக் கொண்டுவந்தது.

இதைப் பொறுமை என்று பாராட்டுவது எளிது. நானும் என் வகுப்புகளில் பல ஆண்டுகள் அப்படித்தான் பாராட்டினேன். பிறகு ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "சார், அந்த இருபத்தேழு மாதம் எத்தனை பேர் செத்தாங்க?" என்னிடம் பதில் இல்லை. இன்றும் சரியான எண் என்னிடம் இல்லை. ரோமில் காபி குடித்துக்கொண்டு சொற்களைத் தேடிய நாட்களில் சாம்பேசியாவிலும் நம்புலாவிலும் ஊர்கள் எரிந்துகொண்டிருந்தன. 1992-இல் தெற்கு ஆப்பிரிக்கா முழுவதையும் வறட்சி வாட்டியது. ரெனாமோ குடிமக்களிடமிருந்து பறித்துத் தின்றே வாழ்ந்த படை. பறிக்கத் தானியமே இல்லாமல் போனது. அரசுப் படையில் சம்பளம் வரவில்லை, கலகங்கள் நடந்தன. உணவு வண்டிகளை இரு தரப்பும் தடுக்கக் கூடாது என்ற உடன்பாடு அந்த ஜூலையில் வந்தது. ஆகஸ்ட் 7 அன்று சிசானோவும் த்லாகாமாவும் ரோமில் நேருக்கு நேர் சந்தித்துக் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். 1986-இல் மஷேல் விமான விபத்தில் இறந்தபின் அதிபரானவர் ஜோவாகிம் சிசானோ.

ஆகவே மத்தியஸ்தரின் பொறுமையோடு வானத்தின் வறட்சியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பனிப்போரின் முடிவையும், 1990 பிப்ரவரியில் மண்டேலா சிறையிலிருந்து வெளிவந்ததையும் சேர்க்க வேண்டும். நடுவர்கள் செய்தது, கதவு திறந்த நாளில் வாசலில் ஆள் இல்லாமல் போகாமல் பார்த்துக்கொண்டதுதான். அதற்கும் 27 மாதம் அங்கேயே இருக்க வேண்டியிருந்தது.

4. பணம்

இந்தக் குறிப்பைப் பலர் மெல்லச் சொல்லிவிட்டு நகர்வார்கள். நான் உரக்கவே சொல்கிறேன். மொசாம்பிக் சமாதானத்தில் பணம் பெரும் பங்கு வகித்தது.

லொன்ரோ என்ற பிரிட்டிஷ் நிறுவனத்துக்கு மொசாம்பிக்கில் தோட்டங்களும் எண்ணெய்க் குழாயும் இருந்தன. அதன் தலைவர் டைனி ரோலண்ட் தன் சொந்த விமானத்தில் த்லாகாமாவை ஏற்றிப் பல தலைநகரங்களுக்குக் கொண்டுபோனார். ஒப்பந்தத்துக்குப் பின் ரெனாமோ அரசியல் கட்சியாவதற்காக ஐ.நா. ஒரு நிதியம் தொடங்கியது. ஏறத்தாழ 1.7 கோடி டாலர் அதில் சேர்ந்தது, பெரும்பகுதி இத்தாலி கொடுத்தது. த்லாகாமாவின் கைச்செலவுக்கு மாதம் 3 லட்சம் டாலர் தனியே போனது. இதை ஏற்பாடு செய்தவர் ஐ.நா. பொதுச்செயலரின் சிறப்புப் பிரதிநிதி, இத்தாலியரான அல்தோ அயெல்லோ. அவர் இதை ஒளிக்கவில்லை.

கொலைகாரனுக்குக் கூலியா என்று கேட்கலாம். நானும் கேட்டிருக்கிறேன். காட்டில் பதினைந்து ஆண்டு கழித்த ஒரு தளபதி, தலைநகர் மபூட்டோவுக்கு வருகிறார். தங்க வீடு இல்லை, தொலைபேசி இல்லை, அலுவலகம் இல்லை. எதிரே இருப்பவர்களுக்கு அரண்மனையும் கார்களும் உண்டு. தன்னிடம் இருந்த ஒரே சொத்தான துப்பாக்கியை அவர் எதற்காகக் கீழே வைப்பார்? தன் தளபதிகளுக்குக் கொடுக்க அவரிடம் ஏதாவது இருந்தால்தான் அவர்கள் அவர் பேச்சைக் கேட்பார்கள். நாற்காலி செய்ய மரம் வாங்க வேண்டும், தச்சனுக்குக் கூலி கொடுக்க வேண்டும். அந்தச் செலவுதான் இது. போரின் செலவோடு ஒப்பிட்டால் இது சிறு தொகை. எனக்கு நெருடுவது வேறு: ஹொமொயினில் பிள்ளையை இழந்த தாய்க்கு எந்த நிதியமும் தொடங்கப்படவில்லை.

சாதாரணப் படைவீரனுக்கு என்ன கிடைத்தது என்பதையும் பார்க்க வேண்டும். 49 முகாம்களில் இரு தரப்பு வீரர்களும் கூட்டப்பட்டார்கள். படையிலிருந்து விலகுபவனுக்கு அரசு ஆறு மாதச் சம்பளம் கொடுத்தது. அதற்கு மேல் 18 மாதங்களுக்கு வெளிநாட்டு நிதியிலிருந்து உதவித்தொகை. அது முகாமில் மொத்தமாகக் கையில் திணிக்கப்படவில்லை. அவன் போய்ச் சேர விரும்பிய மாவட்டத்தின் வங்கிக் கிளையில் தவணை தவணையாகக் கிடைத்தது. ஊருக்குப் போனால்தான் பணம். இரண்டு ஆண்டு வரிசையில் நின்று பணம் வாங்கியவன் அதற்குள் ஒரு குடிசை போட்டிருப்பான், சோளம் விதைத்திருப்பான், கல்யாணம்கூடச் செய்திருப்பான். மறுபடி காட்டுக்கு அழைத்தால் போகமாட்டான். இந்தச் சமாதானத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான்.

இரு தரப்பிலுமாக 90,000 பேர் அளவில் படையிலிருந்து விடுவிக்கப்பட்டார்கள். இரு தரப்பையும் சமமாகச் சேர்த்து 30,000 பேர் கொண்ட புதிய ராணுவம் என்று திட்டம். சேர முன்வந்தவர்கள் ஏறத்தாழ 12,000 பேர்தான். 1994-இல் பல முகாம்களில் வீரர்கள் கலகம் செய்தார்கள், சாலைகளை மறித்தார்கள். அவர்களின் கோரிக்கை: எங்களைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புங்கள்.

5. அங்கோலா கொடுத்த பாடம்

ரோமில் கையெழுத்தானது 1992 அக்டோபர் 4. அதற்கு நான்கு நாட்களுக்கு முன்புதான், கண்டத்தின் மறுகரையில், இன்னொரு முன்னாள் போர்த்துகீசியக் காலனியான அங்கோலாவில் தேர்தல் முடிந்திருந்தது. 1991 மே மாதம் போர்த்துகலின் மத்தியஸ்தத்தில் அங்கே ஒப்பந்தம் ஏற்பட்டது. ஐ.நா.வுக்குக் கொடுக்கப்பட்டது சில நூறு கண்காணிப்பாளர்கள் மட்டும். இரு படைகளும் முழுமையாகக் கலைக்கப்படாமலே வாக்குப்பதிவு நடந்தது. முடிவைக் கிளர்ச்சிப் படைத் தலைவர் யொனாஸ் சவிம்பி ஏற்கவில்லை. அவர் படை அப்படியே இருந்தது, போருக்குத் திரும்பினார். அவர் 2002-இல் கொல்லப்படும் வரை அது ஓயவில்லை.

மொசாம்பிக் அந்தத் தவறிலிருந்து தப்பியது. படைகளைக் கலைத்து முடிக்காமல் தேர்தல் கூடாது என்று ஐ.நா. பொதுச்செயலர் புத்ரோஸ் காலி உறுதியாக நின்றார். 1992 டிசம்பர் 16 அன்று பாதுகாப்பு மன்றத்தின் 797-ஆம் தீர்மானம் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட அமைதிப்படையினருக்கு வழிவகுத்தது. இந்தியப் படையினரும் அதில் பணியாற்றினார்கள். 1993-இல் நடக்க வேண்டிய தேர்தல் ஓராண்டு தள்ளிப்போனது. அந்தத் தள்ளிவைப்பு உயிர் காத்தது.

1994 அக்டோபர் 27 அன்று வாக்குப்பதிவு. முந்தின இரவு த்லாகாமா தேர்தலைப் புறக்கணிப்பதாக அறிவித்துவிட்டார். மக்கள் அவரைக் கேட்கவில்லை. விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்றார்கள். அயெல்லோவும் தூதர்களும் அண்டை நாட்டுத் தலைவர்களும் பேசி, மறுநாள் அவரைத் திரும்ப அழைத்துவந்தார்கள். இரண்டு நாள் வாக்குப்பதிவு மூன்று நாளாக நீண்டது. பதிவு செய்த வாக்காளர்களில் ஏறத்தாழ 88 விழுக்காட்டினர் வாக்களித்தனர். சிசானோ 53, த்லாகாமா 34 விழுக்காடு. 250 இடங்கள் கொண்ட மன்றத்தில் ஃப்ரெலிமோவுக்கு 129, ரெனாமோவுக்கு 112. காட்டிலிருந்து வந்தவர்களுக்கு நாடாளுமன்றத்தில் 112 நாற்காலிகள்!

இந்த வெற்றியின் நிழலையும் சொல்ல வேண்டும். அமைதிப்படையினர் சிலர் மொசாம்பிக்கில் சிறுமிகளைப் பாலியல் சுரண்டலுக்கு ஆளாக்கினார்கள். போரில் சிறுவர்கள் படும் பாட்டைப் பற்றி 1996-இல் ஐ.நா.வுக்கு அறிக்கை அளித்த கிராசா மஷேல், சமோரா மஷேலின் மனைவி, இதைப் பதிவு செய்தார். காக்க வந்தவர்கள் செய்த குற்றம் இது. சமாதானத்தின் கதையிலிருந்து இதை வெட்டிவிட யாருக்கும் உரிமையில்லை.

6. நடுவர்கள் போன பிறகு

1994 டிசம்பரில் ஐ.நா. பணி முடிந்தது. மத்தியஸ்தம் விட்டுச்சென்ற குறைகள் அதன்பின் ஒவ்வொன்றாக மேலே வந்தன.

நாட்டின் நடுப்பகுதியிலும் வடக்கிலும் ஐந்து மாகாணங்களில் ரெனாமோ முதலிடம் பெற்றது. ஆனால் மாகாண ஆளுநர்களை நியமிப்பவர் அதிபர். பத்து மாகாணங்களுக்கும் ஃப்ரெலிமோக்காரர்களே நியமிக்கப்பட்டார்கள். வென்றவருக்கு எல்லாம், தோற்றவருக்கு எதுவுமில்லை என்ற முறையை ரோம் ஒப்பந்தம் தொடவில்லை. ராணுவத்தில் சேர்ந்த ரெனாமோ அதிகாரிகள் மெல்ல மெல்ல ஓய்வில் அனுப்பப்பட்டார்கள். 2000 நவம்பரில் ரெனாமோவின் ஆர்ப்பாட்டங்களுக்குப் பின் மொன்டெபுவேஸ் ஊரில் கைதானவர்கள் ஒரே கொட்டடியில் அடைக்கப்பட்டு, 80-க்கும் மேற்பட்டோர் மூச்சுத் திணறி இறந்தார்கள். அப்போது ரோமிலிருந்து யாரும் வந்து உட்காரவில்லை.

உண்மை கண்டறியும் ஆணையமும் கிடையாது. கையெழுத்தாகிச் சில நாட்களிலேயே பொதுமன்னிப்புச் சட்டம் வந்தது. கிராமங்கள் தங்கள் வழியில் அதைச் சமாளித்தன. திரும்பி வந்த பையனை வீட்டுக்குள் விடுமுன் மருத்துவச்சியோ பூசாரியோ நீராட்டி, மூலிகைப் புகை காட்டி, அவன் கொன்றவர்களின் ஆவிகளை விலக்கும் சடங்கு செய்தார்கள். அவன் போட்டுக்கொண்டு வந்த பழைய துணிகள் எரிக்கப்பட்டன. பல ஊர்களில் இது வேலை செய்தது என்று மானுடவியலாளர்கள் எழுதுகிறார்கள். நான் நம்புகிறேன். அரசும் நடுவர்களும் செய்யாமல் விட்டதை ஏழைக் கிராமத்தார் தங்கள் தலையில் சுமந்தார்கள் என்பதையும் சேர்த்தே படிக்கிறேன்.

பொருளாதாரம் பற்றி ஒரே ஒரு செய்தி, அது நம்மோடும் தொடர்புடையது. 1990-களின் நடுவில் உலக வங்கியின் நெருக்குதலால் கச்சா முந்திரிக்கொட்டை ஏற்றுமதிமீது இருந்த வரியை மொசாம்பிக் குறைத்தது. கொட்டை இந்தியாவுக்குக் கப்பலேறியது, உடைக்கும் ஆலைகள் அங்கே மூடின. சமாதானம் வந்து சில ஆண்டுகளுக்குள் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள், பெண்களே பெரும்பாலும், வேலை இழந்தார்கள். சமாதான மேசையில் நடுவராக இருந்த எவரும் வங்கியின் மேசையில் இல்லை.

2012-இல் த்லாகாமா கொரொங்கோசாவுக்குத் திரும்பினார். 2013 அக்டோபரில் அரசுப் படை அவரது சத்துஞ்சிரா முகாமைத் தாக்கியது. அப்போது அதிபர் யார் தெரியுமா? ரோமில் 27 மாதங்கள் ரெனாமோவின் எதிரே அமர்ந்து பேசிய அதே அர்மாண்டோ கெபுசா. ஒரே மனிதர், ஒரே எதிராளி. நடுவில் உட்கார்ந்திருந்தவர்கள் மட்டும் இல்லை. 2014-இல் ஓர் ஒப்பந்தம், அது நிலைக்கவில்லை. த்லாகாமா 2018 மே 3 அன்று காட்டிலேயே நோயால் இறந்தார். மாகாண ஆளுநர்களைத் தேர்தல் வழியாகத் தெரிவு செய்யும் திருத்தம் அந்த ஆண்டுதான் வந்தது. 1994-இலேயே எழுந்த கேள்விக்கு விடை கிடைக்க 24 ஆண்டுகள்.

2019 ஆகஸ்ட் 6 அன்று மபூட்டோவில் மூன்றாவது ஒப்பந்தம் கையெழுத்தானது. இம்முறை நடுவர் சுவிஸ் தூதராக இருந்த மிர்கோ மன்சோனி. கையெழுத்தோடு அவர் கிளம்பிவிடவில்லை, ஐ.நா. பொதுச்செயலரின் தனித் தூதராக அங்கேயே தங்கினார். 5,221 ரெனாமோ போராளிகள் முகாம் முகாமாக ஆயுதம் கொடுத்தார்கள். 1992-இல் இளைஞராக இருந்தவர்கள் நரைத்த தலையோடு வந்தார்கள். அவர்களுக்கு ஓய்வூதியம் வேண்டும் என்ற பேச்சு நீண்டது. கொரொங்கோசா மலையடியில் வுண்டூசியில் இருந்த கடைசி முகாம் 2023 ஜூனில் மூடப்பட்டது.

மாணவ நண்பர்களே, ரோம் ஒப்பந்தத்தில் ஏழு நெறிமுறைகள் உண்டு. ஒரு பிற்பகலில் படித்துவிடலாம். நான் அறிந்தவரை அது தமிழில் முழுதாக வரவில்லை. உங்களில் யாராவது அதைத் தமிழில் கொண்டுவர முன்வந்தால், என்னிடம் உள்ள படிகளையும் குறிப்புகளையும் தரக் காத்திருக்கிறேன். நான்காம் நெறிமுறையிலிருந்து தொடங்குங்கள். துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு வெளியே வரும் வீரன் எங்கே போவான், எதை உண்பான் என்பது அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது.